கரும்பலகையில் நான் அழித்த சொல்

ஆங்கில வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்கூட வாயிலிருந்து வரக்கூடாது என்பது ஐம்பதுகளில் எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் சட்டம். பொருளை நடித்துத்தான் காட்ட வேண்டும். ஜம்ப் என்றால் குதிக்க வேண்டும், வீப் என்றால் அழ வேண்டும். திருவள்ளூரில் அந்த ஒரு வருடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாங்கள் போட்ட கூத்துக்கு டிக்கெட்டே போட்டிருக்கலாம்.

கூடப் படித்த என் தோழி கடம்பத்தூரிலிருந்து ரயிலில் வருவாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. விந்தி விந்தித்தான் நடப்பாள். ஆனால் ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவாள். நாள் முழுக்க நின்று பாடம் நடத்த இவளால் ஆகுமா என்று சிலர் அவள் காதுபடவே கேட்டார்கள். ஆகவே தேர்வாளர் முன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்திக் காட்டும் மாதிரிப் பாடத்தில்தான் அவள் வாழ்க்கையே இருந்தது. தேறாவிட்டால் வேலை கிடையாது. அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவளுக்கு வந்த பாடத்தில் புதுச் சொற்கள் மூன்று. வாடில், வாத்து மாதிரி ஆடி அசைந்து நடப்பது. ஷஃபிள், பாதத்தைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டு போவது. மூன்றாவது லிம்ப், விந்தி நடப்பது. பாடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்போம் என்றேன்.

"இன்னாத்துக்குடி? நீ சும்மா இரு, பேஜாரு பண்ணாத" என்றாள்.

சும்மா இருக்கிற ஆளா நான்? தேர்வன்று மூன்று சொற்களையும் பலகையில் எழுதிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, லிம்ப்பை அழித்துவிட்டேன். பாடக்குறிப்பு தேர்வாளர் கையில் இருக்கும், ஒரு சொல் விட்டுப்போனாலும் மதிப்பெண் போய்விடும் என்பது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் குறிப்பையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு அது உறைத்தது.

வாடிலுக்கு அவள் வாத்தாகவே ஆகிவிட்டாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஷஃபிளும் முடிந்தது. பலகைப் பக்கம் திரும்பியவள் ஒரு கணம் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாக்பீஸை எடுத்து, அழித்த இடத்திலேயே முன்பைவிடப் பெரிதாக எழுதினாள். பிறகு மேஜையிலிருந்து கதவு வரை நடந்து திரும்பி வந்தாள். நடிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அவளுடைய அன்றாட நடை.

"லுக் அட் மீ. ஐ லிம்ப்" என்றாள். "ஐ லிம்ப் டு ஸ்கூல். ஐ லிம்ப் ஃபாஸ்ட்."

சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னதும் முன் பெஞ்சுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர் லிம்ப்ஸ் ஃபாஸ்ட்" என்றாள். தோழி சிரித்துவிட்டாள், தேர்வாளரும் சிரித்தார். அவள் தேறிவிட்டாள். அத்தனை தைரியத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாரும் உன் காலப் பாப்பாங்களேன்னுதான் அழிச்சேன்."

"அவுங்க தெனம் பாத்துக்கினுதான் இருக்காங்க. நீதாண்டி பாக்காத மாரி நடிச்சிக்கினு இருந்த."

அன்று ஸ்டேஷன் வரை அவள் பின்னாலேயே நடந்தேன், அவளுடைய இடது காலை முதல்முறையாக நன்றாகப் பார்த்துக்கொண்டே. எவ்வளவு எட்டி நடந்தும் என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை.