கண்ணாடிக்குக் கொடுத்த தோல் வில்லைகள்

பைக்கின் முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி மாட்டியதிலிருந்து என் ஹெல்மெட்டுக்குள் ஒரே இரைச்சல். விற்றவனைத் திட்டாத நாளில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் மனைவி, மிஞ்சிய அடித்தோலில் வட்ட வில்லைகள் வெட்டி, நடுவில் துளை போட்டு, இரண்டிரண்டாக ஒட்டிக் கொடுத்தாள். கண்ணாடிக்கும் அதைத் தாங்கும் கம்பிக்கும் நடுவே அவற்றை வைத்து முடுக்கினேன்; கண்ணாடி சற்றுத் தள்ளி நின்று, காற்றுக்கு இடைவெளி கிடைத்தது.

மறுநாள் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேலூரிலிருந்து வேலைக்குக் கிளம்பி விரிஞ்சிபுரம் தாண்டும்போது இரைச்சலே இல்லை. முதுகுக்குப் பின்னால் மெல்லிய பாட்டு கேட்டது.

“இன்னாடி, பாட்டெல்லாம் பாடுற?”

“அய்யோ, கேட்டுடுச்சா? தெனமும் பாடிக்கினுதான் வர்றேன்.”

அன்றிலிருந்து அவள் வெட்கப்பட்டுக்கொண்டு வாயே திறப்பதில்லை. இன்று காலை வில்லைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். என் காது கிழிந்தால் கிழியட்டும், அவள் பாடிக்கொண்டு வரட்டும்.