உதயகலாவின் வெள்ளிப் பரிசோதனை

கோப்பாய் உதயகலாவுக்கு ஆட்களை முகம் பார்த்துப் பழக்கமில்லை. அவள் பார்ப்பது காலை, கையை, கழுத்தை. அங்கே கிடக்கும் வெள்ளி பளிச்சென்று இருந்தால் அந்த ஆள் நல்ல ஆள். கறுத்துக் கிடந்தால் முடிந்தது கதை. உடம்பில் ஏதாவது நோய், வருத்தம் இருந்தால்தான் வெள்ளி கறுக்கும் என்பது அவளுடைய வைத்தியம். ஐம்பத்து நான்கு வயதுவரை அது சரியோ பிழையோ என்று அவள் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்பதற்குத் தன்னைவிட விசயம் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை என்ற எண்ணம்.

வியாழக்கிழமைப் பின்னேரங்களில் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் பழைய பேப்பரை விரித்து உட்காருவாள். அவளுடைய கொலுசு, குங்குமச் சிமிழ், மகன் வாகீசன் குழந்தையாக இருந்தபோது கட்டிய அரைஞாண் எல்லாம் வரிசைக்கு வரும். சவர்க்காரத் தண்ணீரில் ஒரு கழுவல். பிறகு திருநீற்றைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, கணவர் நமசிவாயத்தின் நைந்த வேட்டித் துண்டால் தேய்க்கத் தொடங்கினால் கை ஓய்வதற்கு ஒரு மணித்தியாலம் ஆகும்.

"இஞ்சை பாரும், நான் கோயிலாலை கொண்டு வாற திருநீறு என்ரை நெத்தியிலை பட்டதைவிட உம்மடை கொலுசிலை பட்டதுதான் கூட" என்பார் நமசிவாயம். அவர் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்கிற மனிதர். வெள்ளியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? உதயகலா இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

பற்பசை போட்டு விளக்குகிறவர்களை அவள் மனிதராக மதிப்பதில்லை. அடுத்த வீட்டுச் சுபாஜினி போனில் பார்த்துவிட்டு அலுமினியத் தாளையும் அப்பச்சோடாவையும் சுடுதண்ணீரில் போட்டுச் சங்கிலியை ஊறவைத்தாள். சங்கிலி புதிது போல வந்தது. அதுவே உதயகலாவுக்குப் பொறுக்கவில்லை. "தேய்க்காமல் வெளுக்கிறது வெள்ளியோ? பஞ்சி பிடிச்ச சோம்பேறிக்குப் பஞ்சி பிடிச்ச வைத்தியம்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் முப்பத்தொரு வயது வாகீசன் தனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னான். பெயர் டிலக்ஷி. கோப்பாய்க்குக் கிட்ட இருக்கிற திருநெல்வேலியில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிற வேலை. தாய் தகப்பன் இல்லை, பெரியம்மாவோடு இருக்கிறாள். அதுவரை வந்த ஏழு சம்பந்தங்களையும் வேண்டாம் என்று தலையாட்டிய பிள்ளை, முதன்முதலாக வாய்திறந்து கேட்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிலக்ஷியும் பெரியம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். குணம் நல்லது, பேச்சு நல்லது, சாதகமும் பொருந்தியிருந்தது. ஆனால் உதயகலாவின் கண் போனது அந்தப் பிள்ளையின் வலது கைக்கு. பூவேலை செய்த வெள்ளிக் காப்பு ஒன்று கிடந்தது. இதழ்களுக்கு இடையெல்லாம் ஒரே கறுப்பு.

சாப்பிட்ட பிறகு டிலக்ஷி காப்பைக் கழற்றி யன்னல் கட்டின்மேல் வைத்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனாள். வருங்கால மருமகள் கேளாமலே கோப்பை கழுவுகிறாள் என்று வேறு எந்தத் தாயும் உருகியிருப்பாள். இவள் காப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். திருநீற்றுக்குக் கறுப்புப் போனால் ஊத்தை. போகாவிட்டால் வருத்தம். கால் மணித்தியாலம் நகம் நோகத் தேய்த்தாள். மேடான இடங்கள் பளபளத்தன. பள்ளத்துக் கறுப்பு அசையவில்லை.

காப்பைத் திருப்பிக் கொடுத்தபோதே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. அன்றைக்கே மகனிடம், "தம்பி, அந்தப் பிள்ளைக்கு உள்ளுக்கு ஏதோ வருத்தம் கிடக்கு. உது எங்களுக்குச் சரிவராது" என்றாள். வாகீசன் கெஞ்சினான், கோபித்தான், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். கடைசியில் தாயை எதிர்க்கத் துணிவில்லாமல் அடங்கிப்போனான். அவனும் ஒரு ஆம்பிளை! அதோடு நிறுத்தினாளா? பெரியம்மாவுக்குப் போன் எடுத்து, "பிள்ளையை நல்ல டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்று புத்தியும் சொல்லி வைத்தாள். சம்பந்தம் ஏன் குழம்பியது என்று கேட்ட சனத்துக்கும் அதையே சொன்னாள்.

நாலு மாதம் கழிந்தது. சொந்தக்காரக் குழந்தை ஒன்றின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அரைஞாண் வாங்க உதயகலா திருநெல்வேலியில் ஒரு நகைக்கடைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே பூவேலைக் காப்புகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எல்லாம் புதிது. எல்லாவற்றிலும் அதே கறுப்பு.

"உது ஏன் பிள்ளை, விக்க முதலே கறுத்துப்போச்சு?" என்று கேட்டாள்.

கடைப் பிள்ளை சிரித்தாள். "கறுக்கேல்லை அம்மா. பூ எடுப்பாத் தெரியிறதுக்கு மருந்து போட்டுக் கறுப்பாக்கித்தான் செய்யிறவை. சுத்த வெள்ளி, உள்ளுக்கு முத்திரை பாருங்கோ. தேய்ச்சு மட்டும் போடாதேங்கோ, வடிவு போயிடும்."

அரைஞாண் வாங்குவதே மறந்துபோனது. பலாலி வீதியில் டிலக்ஷி வேலை செய்த பாமசிக்கு உதயகலா நடந்தே போனாள். வழி நீளத்துக்கும் வெட்கத்தில் முகம் எரிந்தது. டிலக்ஷி வெள்ளை மேலங்கியோடு நின்றாள். கையில் காப்பு இல்லை.

"பிள்ளை, நான் பிழை விட்டிட்டன்" என்றாள் உதயகலா. ஐம்பத்து நான்கு வருசத்தில் அவள் வாயில் அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். "அவன் இன்னும் உம்மைத்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறான். நீர் ஓமெண்டால் நாளைக்கே பெரியம்மாவோடை வந்து கதைக்கிறன்."

டிலக்ஷி கையிலிருந்த மருந்துப் பெட்டியை அலுமாரித் தட்டில் வைத்தாள்.

"அன்ரி, நான் வருத்தக்காரி எண்டு ஊர் முழுக்கக் கதை. அதைச் சொன்னது உங்கடை வாய். கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தது உங்கடை மகன். காப்பைக் கேக்காமல் தேய்ச்ச மாதிரி நாளைக்கு என்னையும் தேய்ப்பியள். எனக்கு வேண்டாம்." பிறகு உதயகலாவுக்குப் பின்னால் மருந்து வாங்க நின்றவரைப் பார்த்து, "அண்ணை, உங்கடை மருந்துத் துண்டைத் தாங்கோ" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமையும் உதயகலா பேப்பரை விரித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கொலுசைத் தேய்க்கும்போதுதான் கவனித்தாள். வாங்கும்போது அதில் ஒரு கொடி ஓடியது. இப்போது கொடியுமில்லை, இலையுமில்லை, மொட்டை வெள்ளி. யார் தேய்த்துத் தொலைத்தது என்று கேட்க வேண்டியதில்லை.

வேலை முடிந்து வந்த வாகீசன் குசினி வாசலில் நின்று பார்த்தான். பாமசியில் நடந்ததெல்லாம் அங்கே நின்ற யாரோ சொல்லி அவனுக்குத் தெரிந்திருந்தது.

"தேயுங்கோ அம்மா, நல்லாத் தேயுங்கோ" என்றான். "இனி இந்த வீட்டுக்கு மருமகளெண்டு ஆரும் வரப்போறேல்லை. உங்கடை வெள்ளியையே பாத்துக்கொண்டு இருங்கோ."