இல்லாத அருளப்பனும் இருந்த லோகநாதனும்

ஆராய்ச்சி இதழில் பிழை திருத்துகிறவனுக்குக் கண் கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, நெஞ்சும் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் நான் சேர்ந்த ஆபீஸ், சிராங்கூன் ரோட்டில் ஒரு மசாலா மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அடுத்தவர் கட்டுரையைத் திருத்திய பாவப்பட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்வதை நம்புவீர்கள்.

மாதிரிக்கு ஒருவர்

யார் யாருடைய ஆய்வைப் பார்த்து எழுதினோம் என்று கட்டுரையின் முடிவில் மேற்கோள் பட்டியல் கொடுக்க வேண்டும். அதை எழுதும் முறையைக் காட்ட, எங்கள் ஆசிரியர் செல்லதுரை ஐயா இதழின் பின்னட்டையில் ஒரு மாதிரி போட்டிருந்தார்: 'அருளப்பன், ப., சாக்கடைக் கொசுக்கள்.' அப்படி ஒரு ஆளும் கிடையாது, கட்டுரையும் கிடையாது. ஐயாவின் கற்பனை.

ஒருநாள் வந்த கட்டுரையில், நிஜ மேற்கோள்களுக்கு நடுவே அருளப்பனும் உட்கார்ந்திருந்தார். பிறகு இன்னொன்றில். ஒருவர் பட்டியலைப் பார்த்து இன்னொருவர் எழுதுவது இந்த உலகத்தில் சகஜம். பதறிப்போய்க் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரரான ஐயா சிரித்தார்.

"விடும் ஐசே, ஆர் உதைத் தேடி வாசிக்கப்போகினம்?"

தபால் அட்டைகள்

ஒரு கட்டுரைக்கு மதிப்பு இருக்கிறதா என்று அறிய அப்போது இரண்டே வழி. மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் அதைக் குறிப்பிட வேண்டும். அல்லது பிரதி கேட்டுத் தபால் அட்டை வர வேண்டும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் வளரும் கொசுக்களைப் பற்றி எங்கள் இதழில் எழுதியிருந்த டாக்டர் லோகநாதன், குவீன்ஸ்டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்து, தனக்கு அட்டை ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்பார். ஆய்வுக்கூடத்தில் அவருடைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. நாலு பேர் கவனித்ததாகக் காட்டினால்தான் வேலை நீடிக்கும். மனைவி வேறு முழுகாமல் இருந்தார்.

லோகநாதனுக்கு ஒன்றும் வரவில்லை. அருளப்பனுக்கு லண்டனிலிருந்தும் பம்பாயிலிருந்தும் எங்கள் முகவரிக்கு அட்டைகள் குவிந்தன. என் மேசையில் கிடந்த ஓர் அட்டையை லோகநாதன் எடுத்துப் பார்த்தார்.

"யாரு சார் இந்த அருளப்பன்? கொடுத்து வச்சவரு லா."

டீ குடித்தவர்

பினாங்கிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பேச்சுவாக்கில், ஏதோ மாநாட்டில் அருளப்பனோடு டீ குடித்ததாகச் சொன்னார். ஒல்லி உடம்பாம், இடது காது கேட்காதாம், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேசுவாராம். நடித்தே காட்டினார். சும்மா அளக்கிறார் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

ஐயா சிரிக்கவில்லை. பேராசிரியர் படியிறங்கிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐசே, அந்தப் பேரைப் போடேக்க, இடது காது கேளாத ஒரு மெலிஞ்ச மனிசனைத்தான் நான் மனசில நினைச்சனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

குழுவின் கேள்வி

அதற்குப் பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே, ஏறி வருவது அருளப்பனோ என்று எனக்கு உடம்பு சிலிர்க்கும். இந்த லட்சணத்தில், லோகநாதனின் ஒப்பந்தத்தை ஆராய்ந்த குழு அவர் ஆய்வைச் சந்தேகித்தது. கொசு சாக்கடையில்தான் வளரும் என்று அருளப்பன் நிறுவியிருக்கிறாரே, இவர் சுத்தமான தண்ணீர் என்கிறாரே என்று கேட்டார்களாம். அருளப்பன் எதை நிறுவினார்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. பின்னட்டையை எடுத்துக்கொண்டு போய்க் குழுத் தலைவரிடம் உண்மையை உடைத்தேன்.

அவர் திடுக்கிடவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"அவரு இல்லாதவராவே இருக்கட்டும். ஆனா எல்லாரும் அவரைச் சொல்றாங்களே. உங்க லோகநாதனை யாரு சொன்னா?"

பெயர் இல்லாத கட்டுரை

லோகநாதனுக்கு வேலை போய்விட்டது. அருளப்பன் இல்லாதவர் என்பதையும் தெரிந்துகொண்டு அவர் மாடியேறி வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தண்ணீர்த் தொட்டிக் கொசுக்களைப் பற்றிய புதிய கட்டுரையை மேசையில் வைத்தார். முன்னதைவிட நல்ல கட்டுரை. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை.

"அருளப்பன்னு போடுங்க சார். அவரு சொன்னாத்தான் கேக்குறாங்க."

எங்கள் இதழிலேயே அதிகம் அட்டைகள் வந்தது அந்தக் கட்டுரைக்குத்தான்; அதில் நான் செய்த ஒரே திருத்தம், உயிரோடிருந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதவர் பெயரை எழுதியது.