ஃபேனை நிறுத்தி வெட்டிய துணி

பிற்பகல் மூன்று இருபதுக்கு அவன் கைப்பேசி அடித்தது. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி.

"தம்பி, அக்கா மெஷின் பக்கத்துலயே விழுந்து கெடக்காங்க. உடம்பு நெருப்பாக் கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வை இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்."

அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருபத்தாறு வருடம் தையல் மெஷின் மிதித்தவள் அக்கா. தெருவில் அவளுக்கு ஊசி அக்கா என்று பெயர். அப்படிக் குத்திப் பேசுவாள். தொப்பைக்காரர் யாராவது சட்டை தைக்க வந்தால், "இப்பவே அளவெடுக்கவா, இல்ல இன்னும் வளருமா?" என்பாள். தம்பி கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகள் எல்லாம் அவள் தைத்தவை.

முந்தின நாள் அவசரப்படுத்தியது அவன்தான். மகளின் பள்ளி விழாவுக்கு ஒரு ஜார்ஜெட் கவுன்.

"ஃபேன் போட்டா இந்தத் துணி பறக்குதுடா. நிறுத்திட்டு வெட்டினா நான் வெந்துருவேன். ரெண்டு நாள் பொறு, பொழுது சாஞ்சப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெட்டுறேன்."

"உன்னப் பாத்தா வெயில்தான் ஓடணும். நாளைக்குச் சாயங்காலம் வேணும்க்கா."

"ரொம்ப ஐஸ் வைக்காதடா," என்று சிரித்தாள்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். நாக்குக் குழறப் பேசினாள்.

"டேய், அம்மா சாப்பிட்டாளா?"

அம்மா போய் ஆறு வருடம்.

"பட்டப்பகல்லயே கனவாக்கா? தண்ணியக் குடிச்சிட்டுப் படு," என்று சிரித்தபடி போனை வைத்துவிட்டு, ஆபீஸ் ஏசி அறையில் விட்ட வேலையைத் தொடர்ந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "வெப்பம் தாக்கினா மூளை குழம்பும். இன்னிக்கு யார்கிட்டயாவது மாறாட்டமாப் பேசினாங்களா?"

பக்கத்து வீட்டுக்காரி அவனைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்," என்றான்.

ஆயுசு அவ்வளவுதான் என்று வந்தவர்கள் எல்லாம் தேற்றினார்கள். அவனும் தலையாட்டினான். கைப்பேசியில் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறது: நாற்பது விநாடி.

ஒரு வாரம் கழித்து மனைவியோடு அறையைக் காலி செய்யப் போனான். காலை பத்துக்கே கூரை அனலாக இறங்கியது. அவன் ஃபேனைப் போட்டான். மெஷின்மேல் கிடந்த கவுன் படபடவென்று எழுந்தது. மனைவி தாவிப் பிடித்தாள்.

"ஒரு கைதானே பாக்கி? நானே தச்சிடுறேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

அவன் தரையில் உட்கார்ந்தான். "அன்னிக்கு ஒரு மணிக்கு அக்கா எனக்குப் போன் பண்ணினா," என்றான்.

கவுனின் வலது கை இன்னும் தைக்கப்படவில்லை. மூன்று குண்டூசிகளில் நிற்கிறது.