தில்லைநாயகம் கடையில் ‘வருது’

1967ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்பே தொடங்கிய சாரல் நிற்கவில்லை. குற்றாலத்து மலை இருக்க வேண்டிய இடத்தில் வெண்புகை மட்டும் நின்றது. இந்தச் சாரலுக்குக் குடை விரித்தால் தென்காசிக்காரர் சிரிப்பார். விரிக்காமல் நடந்தாலோ கடைத்தெரு முனையை அடைவதற்குள் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அத்தகைய காலைப்பொழுதில், தில்லைநாயகம் அண்ணாச்சியின் கடையில் முதல் வியாபாரம் ஆவதற்கு முன்பே மங்களேஸ்வரி படியேறி வந்தார். ஒரு கேள்வி கேட்பதற்காக வந்தார். அக்கேள்வி என்ன என்பதைச் சொல்வதற்கு முன், தில்லைநாயகம் யார் என்பதையும், அவர் கடையில் ஒரு சொல் எப்பொருளில் வழங்கிவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவருடையது பலசரக்குக் கடை. கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரியும்படி மேற்குப் பார்த்த கடை. ஆண்டில் ஒன்பது மாதம் ஊர்க்காரர்களுக்குப் பருப்பும் புளியும் விற்கும். சாரல் காலம் பிறந்துவிட்டால் கடையின் முகமே மாறிவிடும். ரயிலை விட்டு இறங்கிக் குற்றாலத்துக்கு வண்டி பிடிப்போர் வழியில் அங்கே நிறுத்துவார்கள். நல்லெண்ணெய், சீயக்காய்த்தூள், பயற்றுமாவு, அருவிக்குப் பின் குடிக்கச் சுக்கு என்று ஒரு குடும்பத்தின் குளியலுக்கு வேண்டியவை அனைத்தையும் அவர் கேளாமலே எடுத்து வைப்பார். வந்தவரின் தலையை ஒருமுறை பார்த்தே எண்ணெயின் அளவைச் சொல்லுவார். வழுக்கைத் தலையர் எவரேனும் வந்தால், “உங்களுக்கு எண்ணெய் மிச்சம், அருவிக்கும் வேலை மிச்சம்” என்பார். சிரித்துக்கொண்டே வாங்கிப்போவார்கள்.

எதிர்வரிசையில் அகமது கபீரின் குடைக்கடை இருந்தது. விற்பதற்கு முன் ஒவ்வொரு குடையையும் விரித்துத் தலைக்கு மேலே பிடித்து, துணியில் துளை உண்டா என்று அவர் வெளிச்சத்தைப் பார்ப்பார். அதற்கு அடுத்தது அருமைநாயகத்தின் துணிக்கடை. சாரல் மிகுந்து தெருவில் ஆள் இல்லாத வேளைகளில் மூவரும் அவரவர் கடையில் அமர்ந்தபடியே, தெருவின் இக்கரைக்கும் அக்கரைக்குமாக உரக்கப் பேசிக்கொள்வார்கள். தெரு முழுவதும் அவர்கள் வீட்டுச் செய்தி தெரிந்திருந்ததற்கு அதுவே காரணம்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடையில் அமர்ந்திருக்கும் வணிகர் ‘இல்லை’ என்று சொல்லலாகாது. சொன்னால் லட்சுமி இறங்கிப் போய்விடுவாள். அதிலும், அன்றைய முதல் விற்பனையாகிய போணி ஆவதற்கு முன் அச்சொல்லை நாவில் எடுக்கவே கூடாது. ஆகவே, கேட்ட சரக்கு கடையில் இராதபோது சொல்வதற்கென்று ஒவ்வொருவரும் ஒரு மாற்றுச் சொல்லை வைத்திருந்தனர். கபீர் ‘நாளைக்கு’ என்பார். அருமைநாயகம் ‘வேற பாருங்களேன்’ என்பார். தில்லைநாயகத்தின் சொல் ‘வருது.’

விரைவு கருதியோ தெளிவு கருதியோ ஒரு காலத்தில் சொல்ல வேண்டியதை வேறொரு காலத்தில் சொல்வதை இலக்கணம் கால வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. தில்லைநாயகத்தின் ‘வருது’ அந்த வகையிலும் அடங்காது. ஏனெனில் அதற்கு நிகழ்காலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. வேறு கடையைப் பார்த்துக்கொள் என்பதே அதன் பொருள். உள்ளூர்ப் பெண்களுக்கு இது தெரியும்.

“அண்ணாச்சி, பனங்கற்கண்டு இருக்கா?”

“வருது.”

“எங்கன வருது? அம்பாசமுத்திரம் வந்தாச்சா, இன்னும் திருநெல்வேலியே தாண்டலியா?”

“சாரலுக்கு மாடு மெதுவாத்தான நடக்கும், தாயி.”

அவள் சிரித்துவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போவாள். எவருக்கும் மனவருத்தம் இராது. இத்தகைய நயத்தினால்தான் அந்தக் கடைத்தெரு இனிமையாக இருந்தது என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

1958ஆம் ஆண்டுச் சாரல் தொடக்கத்தில், கீழப்பாவூரிலிருந்து நாச்சியார் என்னும் அம்மாள் முதல் பேருந்தில் வந்து இறங்கினார். அவருடைய கணவர் நல்லதம்பி, தில்லைநாயகத்தின் நெருங்கிய நண்பர். தம் வயலில் விளைந்த உளுந்தைப் பல ஆண்டுகள் இந்தக் கடைக்கே கொண்டுவந்தவர். அவர் இறந்தபின் வயலையும் மகள் மங்களேஸ்வரியையும் நாச்சியாரே பார்த்துக்கொண்டார். கணவர் வந்துபோன கடை என்பதற்கு மேல் அவருக்கு அந்தக் கடையைத் தெரியாது. அங்கே நின்று ஒரு பொருளும் கேட்டு வாங்கியதில்லை.

தில்லைநாயகம் அப்போதுதான் வாசலில் நீர் தெளித்து, தராசுத் தட்டைத் துடைத்து, படத்துக்கு விளக்கேற்றியிருந்தார். போணி ஆகவில்லை.

“அண்ணாச்சி, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. மங்களம் சமைஞ்சு வருசம் எத்தனையோ ஆச்சு. அவுக இருந்தா அவுக கேட்டிருப்பாக. உங்க குத்தாலிங்கத்துக்கு அவளைக் கொடுக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. உங்க வீட்டுல எம் மகளுக்கு இடம் இருக்கா?”

இடம் இல்லை. மகன் குத்தாலிங்கத்துக்குத் தம் அக்காள் மகளையே எடுப்பதாக, வாசுதேவநல்லூரில் தில்லைநாயகம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். எரிகிற விளக்குக்கு முன் வாயைத் திறந்தார். முப்பது ஆண்டுப் பழக்கம் அவருக்கு முந்திக்கொண்டு பேசிவிட்டது.

“வருது, தங்கச்சி. சாரல் கழியட்டும்.”

நாச்சியாரின் முகம் மலர்ந்தது. இரு கைகளையும் கூப்பினார். “இது போதும் அண்ணாச்சி. வீட்டுக்குப் போயி மங்களம் வாயில போடணும். கல்கண்டு கொடுங்க” என்றார்.

அன்றைய போணி அந்தக் கல்கண்டுதான்.

அம்மாள் படியிறங்கிச் சென்றபின் தில்லைநாயகத்துக்கு ஓர் உறுத்தல் எழுந்தது. எனினும், பெண் வீட்டார் எவரும் கேட்டவுடன் நம்பிவிட மாட்டார்கள், மறுபடி ஆள் விட்டுக் கேட்பார்கள், அப்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஒரு வாரம் கழிந்தது. எதிர்க்கடையிலிருந்து கபீர் குரல் கொடுத்தார்.

“அண்ணாச்சி, சேதி தெரியுமா? உம்ம சேக்காளி நல்லதம்பி வீட்டுக்கு இலத்தூர்ல இருந்து பொண்ணு கேட்டு வந்திருக்காக. பையன் பேரு ஆதித்தன். ரயில்வேயில வேலை. அந்தம்மா வேண்டாம்னுட்டாகளாம்.”

“ஏனாம்?”

“தென்காசியில பேச்சு முடிஞ்சாச்சுன்னு சொல்லுதாக. யாரு வே அது, நம்ம ஊர்ல நமக்குத் தெரியாத பெரிய மனுசன்?”

தில்லைநாயகம் அப்போது மிளகாய்ப் பொட்டலம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே தொங்கிய சணலை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“என்ன வே, பொட்டலத்தைக் கட்டுதீரா, கன்னுக்குட்டியைக் கட்டுதீரா?” என்று கபீர் சிரித்தார். பிறகு, “இலத்தூர்க்காரங்களுக்குப் பொண்ணை ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். ஆடி கழியட்டும், அந்தம்மா மனசு மாறுதான்னு பாப்போம்னு காத்திருக்காக” என்றார்.

ஆகவே, பிழையைத் திருத்துவதற்குக் காலம் இருந்தது. அது அவருக்குத் தெரியவும் தெரிந்தது. ஆடி பிறந்தபின் ஒரு நாள் கடையை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு, வெளுத்த வேட்டி உடுத்திக் கீழப்பாவூருக்குப் புறப்பட்டார். பேருந்துக்காக நின்றார். ‘தங்கச்சி, அது கடைப்பேச்சு’ என்று தொடங்குவதா, ‘என்னை மன்னிக்கணும்’ என்று தொடங்குவதா என மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கே செல்லும் கீழப்பாவூர்ப் பேருந்து வருவதற்குள் மேற்கே செல்லும் குற்றாலம் பேருந்து வந்து நின்றது. அதில் ஏறிவிட்டார்.

பேரருவியில் அன்று நல்ல நீர். வெளியூர்க்காரர்கள் எண்ணெய் வழியும் உடம்போடு நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களுள் பலர் தலையில் இருந்தது அவருடைய கடை எண்ணெயாகவே இருக்கலாம். கூட்டத்துக்குள் புகுந்து நீருக்கடியில் தலையைக் கொடுத்தார். “அந்த இரைச்சலுக்குள்ள வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன் சார். ‘இல்ல, இல்ல’ன்னு. எனக்கே கேக்கல. வெளிய வந்ததும் மறுபடி சொல்ல வாய் வரல” என்று பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார். ஈர வேட்டியோடு வீடு திரும்பியவரிடம் மனைவி கேட்டார்: “கீழப்பாவூர்லயா அருவி விழுது?”

ஆவணியில் ஆதித்தனுக்கு வேறிடத்தில் திருமணமாயிற்று. தை மாதத்தில் குத்தாலிங்கத்தின் திருமண அழைப்பிதழை எடுத்துக்கொண்டு தில்லைநாயகம் கீழப்பாவூருக்குச் சென்றார். இந்தத் தடவை பேருந்து தவறவில்லை. நாச்சியார் பாய் விரித்து உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார். அழைப்பிதழின் மஞ்சளைக் கண்டதும் முகம் மாறிற்று; எனினும் குரல் மாறவில்லை.

“பொண்ணு எங்கன அண்ணாச்சி?”

“வாசுதேவநல்லூர். அக்கா மக. முன்னாடியே பேசி வச்சது.”

“முன்னாடியேவா?”

“ரொம்ப முன்னாடி.”

நாச்சியார் அழைப்பிதழைப் பாயில் வைத்தார். “அப்படின்னா நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன் போல” என்றார்.

தவறு தம்முடையது என்று ஒரு வார்த்தை சொல்ல, இதைவிடப் பொருத்தமான இடம் தில்லைநாயகத்துக்கு வாய்த்திராது. விளக்கு இல்லை, தராசு இல்லை, போணி இல்லை; அது கடையே இல்லை. அவர் மோர்ச்செம்பைக் கீழே வைத்தார். “வீட்டோட வந்து சேந்துரணும், தங்கச்சி” என்றார்.

அன்று தொட்டு நாச்சியாரின் நாத்தனார் மாடத்திக்கு அதுவே பேச்சாயிற்று. “பெரிய கடை வேணும்னு ஆசைப்பட்டா. ஆசை அடைச்ச காதுல அப்படித்தான் விழும்” என்று உறவினர் கூடும் இடமெல்லாம் சொன்னார். அடுத்து வந்த வரன்கள் இலத்தூர்ப் பேச்சு ஏன் முறிந்தது என்று கேட்டன. கேட்டுவிட்டுத் திரும்பி வரவில்லை. பிறகு வரன்கள் வருவதும் நின்றது. மங்களேஸ்வரி ஆசிரியப் பயிற்சி முடித்து, நான் பணியாற்றிய பள்ளிக்கே வந்து சேர்ந்தார். ஒற்று மிகும் இடத்தில் ஒருபோதும் பிழை செய்யாதவர். கரும்பலகையில் அவர் எழுதியதை அழிப்பதற்கு எனக்கு மனம் வராது.

அவர் தென்காசிக்கு வந்ததிலிருந்து தில்லைநாயகம் ‘வருது’ என்று சொல்வதை விட்டுவிட்டார். ‘இல்லை’ என்றும் சொல்வதில்லை. கேட்ட சரக்கு கடையில் இராவிட்டால், “முனைக் கடையில இருக்கும், போயி வாங்கிக்கிடுங்க” என்று தாமே சொல்லத் தொடங்கினார். தெருவுக்கு இது பெரிய வேடிக்கை.

“அண்ணாச்சி முனைக் கடைக்கு ஆள் பிடிக்காரு வே. தரகு எவ்வளவுன்னு கேளும்” என்று அருமைநாயகம் கூவுவார்.

“அவரு பங்கு சேந்துட்டாரு, நமக்குத்தான் சொல்லல” என்று கபீர் எடுத்துக்கொடுப்பார்.

தில்லைநாயகம் சிரிப்பார். ஆனால் பள்ளி விடும் வேளையில் மங்களேஸ்வரி தெருவில் நடந்து வருவது தெரிந்தால், உள்ளறைக்குப் போய் மூட்டைகளை இடம் மாற்றிக்கொண்டிருப்பார். ஏற்கெனவே சரியாக அடுக்கியிருந்த மூட்டைகள் அவை. அப்படி ஒருநாள் நான் உள்ளே பார்த்துக் காரணம் கேட்டபோதுதான் அருவிக் கதையை எனக்குச் சொன்னார்.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சர்க்கரை வாங்கச் சென்றிருந்தேன். விளக்கேற்றி முடியட்டும் என்று ஓரமாக நின்றேன். மங்களேஸ்வரி குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். உள்ளறைக்குச் செல்ல எழுந்த தில்லைநாயகம், வழியில் அவர் நின்றதால் மறுபடி உட்கார்ந்தார்.

“மாமா, நல்லா இருக்கீகளா?”

“இருக்கேன், தாயி. அம்மை?”

“படுத்த படுக்கையா இருக்கா. அதான் வந்தேன்.” அவர் குரலில் கோபம் இல்லை. “நான் கல்யாணத்தை நெனைச்சு வரல, மாமா. எனக்கு வகுப்பு நிறையப் பிள்ளைக இருக்கு. அதுகளுக்கு மூக்கு துடைச்சுவிடவே நேரம் பத்தல. ஆனா, அம்மை நிம்மதியாக் கண்ணை மூட மாட்டேங்கா. ‘எங் காதுதான் உன்னைக் கெடுத்துச்சு, நான் தப்பாக் கேட்டுட்டேன்’னு அதையே சொல்லுதா. மாடத்தி அத்தை பக்கத்துல உக்காந்து ‘ஆமா’ங்கா. அவ காது சரியாத்தான் கேட்டுச்சான்னு எனக்குத் தெரியணும். அவகிட்டப் போயிச் சொல்லணும்.”

எதிரே கபீர் விரித்த குடையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

“அன்னைக்கு நீங்க என்ன சொன்னீக?”

“வருதுன்னு சொன்னேன்.”

“அம்மை அதை எப்படி எடுத்துக்கிட்டான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“ஒரு வாரத்துலயே தெரிஞ்சுது. ஆதித்தன் வீட்டுல காத்திருக்கும்போதே தெரியும்.” அவருடைய கை தராசுத் தட்டைப் பற்றிக்கொண்டிருந்தது. “அம்மை காது சரியாத்தான் கேட்டுச்சு, தாயி. வாய்தான் பொய் சொல்லிச்சு.”

படத்துக்கு முன்னே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடையில் போணி ஆகவில்லை.

“அப்படின்னா, அம்மை கேட்டதை நானும் கேக்கேன், மாமா. அன்னைக்கு உங்க வீட்டுல எனக்கு இடம் இருந்துச்சா?”

தில்லைநாயகம் விளக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துச் சொன்னார்.

“இல்ல, தாயி.”