சந்தனம் தின்ற காஜா மிஷின்

யுத்த காலத்தில் பர்மாப் பக்கம் போன பட்டாளத்துக்காரன் ஒவ்வொருவன் நெஞ்சிலும் பொத்தான் கழலாமல் நின்றது என்றால், அது கோச்சடை ஒச்சாயி போட்ட காஜாவினால்தான். ஒருவன்கூட பாக்கி கிடையாது. சரி, இது கொஞ்சம் அதிகப்படிதான். வைகையில் வெள்ளம் வந்ததைச் சொல்லும்போது தண்ணீரை ஒரு முழம் ஏற்றித்தானே சொல்கிறோம். பட்டாளத்தில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கூடுதலாகப் பட்டால் ஒரு ரயில் பெட்டி நிறைய ஆட்கள். அதற்குக் கீழே இறங்குவதாக இல்லை.

காஜா என்றால் சட்டையில் பொத்தான் நுழைகிற துளை. கத்தரியால் ஒரு கீறல் போட்டாலே துளை வந்துவிடும். ஆனால் இரண்டு சலவையில் அது வாயைப் பிளந்துவிடும். கீறலின் இரு கரையிலும் நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றி, இரு முனையிலும் குறுக்கே ஒரு கட்டுத் தையல் போட்டால்தான் அது நிலைக்கும். அதைக் கையால் செய்கிறவளுக்கு முதலில் கட்டைவிரல் வெடிக்கும். அப்புறம் கழுத்து பிடிக்கும். கடைசியில் கண் போகும். ஒச்சாயிக்கு முதல் இரண்டும் வந்து, மூன்றாவது வாசலில் நின்றது. விளக்கைப் பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரிந்தது.

புருஷன் கருத்தக்கண்ணன் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் சுமந்து சுமந்து இடுப்பு விழுந்து வீட்டோடு கிடந்தான். அதனால் கண் இருக்கிறதோ இல்லையோ அவள் வேலைக்குப் போயாக வேண்டும். கோச்சடை எல்லையில் ஓடாமல் நின்றிருந்த ஓர் அரிசி மில்லை சமயநல்லூர் மலைச்சாமி எடுத்து, பட்டாளத்துச் சட்டை தைக்கும் கொட்டகையாக மாற்றியிருந்தார். நெல் அரைத்த ஆயில் என்ஜின் இப்போது தையல் மிஷின்களை ஓட்டியது. சுவரைத் தட்டினால் இன்னமும் தவிடு கொட்டும். அதில் ஒரு மூலையில் ஒச்சாயியும் அவள் நாத்தனார் முத்துத்தாயும் இன்னும் சில பெண்களும் உட்கார்ந்து காஜா போட்டார்கள். காக்கித் துணி மாட்டுத் தோலுக்குத் தம்பி. ஊசி உள்ளே போக மறுக்கும். போனால் வெளியே வர மறுக்கும்.

"மதினி, ஊசியத் துணியில குத்துங்க. விரல்ல குத்துறதுக்கு யாரும் கூலி தரப் போறதில்ல" என்பாள் முத்துத்தாய்.

"எனக்கு எது துணி, எது விரலுன்னு தெரிஞ்சாத்தானடி" என்பாள் ஒச்சாயி. அவள் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அப்படி இருக்கையில்தான் அந்தக் காஜா மிஷின் மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்து, மாட்டு வண்டியில் கொட்டகைக்கு இறங்கியது. விற்கிறவர்கள் பேசிவிட்ட பேச்சு இது: தீபாவளி வரைக்கும் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் எங்கள் ஆளே வந்து எடுத்துக்கொண்டு போவான். பூட்டிக் கொடுக்க டவுன் மில்லிலிருந்து முத்திருளன் என்கிற பிட்டரைக் கூட்டிவந்தார்கள். தையல் மாஸ்டர் தவசிக்கு அவன் மாப்பிள்ளை முறை.

மிஷினில் கத்தி ஒன்று தானாக விழும் என்று கேள்விப்பட்டதுமே பெண்கள் எல்லோரும் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். ஒச்சாயி மட்டும் எழுந்து போனாள். தைரியம் என்று சொல்ல முடியாது. கையால் போடுகிற வேலையை விட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. கத்தி விழுந்தால் விழட்டும்.

"பயப்படாம உக்காருங்க யக்கா. நீங்க ஒண்ணும் தைக்கப் போறதில்ல, அதுவே தைக்கும்" என்றான் முத்திருளன்.

"அப்ப நான் எதுக்குப்பா?"

"துணிய வைக்கணும், மிதிக்கணும், எடுக்கணும். அதுக்குக் கை இல்லையே."

மிதித்தாள். மற்ற மிஷினில் ஊசி ஓரிடத்தில் நின்று ஏறி இறங்கும், துணிதான் நகரும். இதில் ஊசி இடமும் வலமுமாக ஆடி ஆடிக் குத்தியது. துணியைக் கவ்வியிருந்த இரும்புச் சட்டம் மெல்ல முன்னால் போக, ஒரு கரை நெருக்கமாக முடிந்தது. முனையில் ஊசி அகலமாக ஆடிக் கட்டுத் தையல் போட்டது. சட்டம் பின்னால் திரும்ப, மறு கரையும் மறு கட்டும் முடிந்தன. பிறகு நடுவில் ஒரு சின்னக் கத்தி டக்கென்று விழுந்து துணியைக் கீறிவிட்டு மேலே ஏறிக்கொண்டது. மிஷின் தானாகவே நின்றது. ஒச்சாயி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட ஆகவில்லை.

"இம்புட்டையும் இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

முத்திருளன் கீழ் மூடியைத் திறந்து காட்டினான். திருகைக் கல்லைப் போல ஒரு வட்ட இரும்பு. அதன் முகத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம், ஓடைக்கரை மாதிரி உள்ளே வளைந்தும் வெளியே விலகியும் ஓடியது. பள்ளத்துக்குள் ஒரு சின்ன உருளை.

"இதுதான் கேம். பள்ளம் எப்படி வளையுதோ அப்படித்தான் மேல சட்டம் போகும், வரும். சக்கரம் ஒரு சுத்து சுத்துனா ஒரு காஜா. சுத்து முடிஞ்சு உருளை இந்த இடத்துக்கு வந்து நின்னாத்தான் கத்தி சரியா நடுவுல விழுகும்."

"பாதியில நூலு அந்து போனா?"

"கத்தி விழுகாது. நூலோட இழுப்புத்தான் இந்தக் கொக்கிய நகர்த்தி கத்திக்கு வழி விடுது. நூலு தொய்ஞ்சா கொக்கி குறுக்க வந்துரும், மிஷின் நின்னுரும்."

ஒச்சாயி கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தெம்பு இல்லேன்னா வேலை கேக்காதுங்கிற. இதுல ஒண்ணு முதலாளிக்கும் மாட்டி விட முடியுமாப்பா?"

தவசி மாஸ்டர் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். "மாப்ள, நீ வந்த வேலைய மட்டும் பாரு."

அன்றிலிருந்து மற்றப் பெண்கள் பொத்தான் தைக்கப் போனார்கள்; ஒச்சாயி மிஷினுக்குப் போனாள். ஓய்வு என்று நினைத்தாள். முன்பு சட்டைகள் ஒவ்வொன்றாக அவள் மடிக்கு வரும். இப்போது குவியலாக வந்து இடுப்பை முட்டின. கால் மரத்தது, தோள் மரத்தது, காதுக்குள் என்ஜின் குடியேறியது. ஆனாலும் விரல் ஆறியது. வீட்டுக்குப் போனால் விளக்கு ஒரே விளக்காகத் தெரிந்தது. அது போதும் அவளுக்கு. களைப்பிலும் நல்ல களைப்பு, கெட்ட களைப்பு உண்டு என்பது அவள் கணக்கு.

ஆயுத பூஜை வந்தது. கொட்டகையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, அவரவர் மிஷினுக்கு அவரவர் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எல்லோரும் நெற்றியில் வைப்பது போல மேலே ஒரு பொட்டோடு விட்டார்கள். ஒச்சாயிக்கு அது போதவில்லை. தன் கண்ணைக் காப்பாற்றிய சாமான் அது. மேலே பொட்டு வைத்தாள், கத்திக்கு வைத்தாள், கொக்கிக்கு வைத்தாள். பிறகு கீழ் மூடியைத் திறந்தாள். காஜா முழுக்க இந்த வயிற்றுக்குள்தான் இருக்கிறது. இதை விட்டுவிட்டு நெற்றிக்கு மட்டும் வைத்தால் எந்தச் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று, பள்ளத்துக்குள் உருளை நிற்கிற இடமாகப் பார்த்துக் கட்டிச் சந்தனத்தை விரலால் வழித்து அழுத்தி, அதன் மேல் குங்குமமும் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ராத்திரி முழுக்க அந்தச் சந்தனம் மிஷின் எண்ணெயைக் குடித்து, சுண்ணாம்பு போல இறுகிவிட்டது.

விடிந்தால் விஜயதசமி. நல்ல நாளில் தைக்கிற முதல் சட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது மலைச்சாமி வழக்கம். ஒச்சாயி மிதித்தாள். ஊசி ஆடியது, சட்டம் போனது, வந்தது. வரவேண்டிய இடத்துக்கு ஒரு நூல் அளவு முன்னாலேயே நின்றுவிட்டது. கத்தி விழுந்தது. நடுவில் கீறவேண்டியது முனையிலுள்ள கட்டுத் தையலையும் சேர்த்து அறுத்தது. மலைச்சாமி சட்டையைக் கையில் எடுத்து விரலை விட்டுப் பார்த்தார். காஜா கிழிந்து விரல் முழுசாக வெளியே வந்தது.

"நல்ல நாளும் அதுவுமா அறுத்து வச்சிருக்கு" என்றார். மத்தியானமே, மிஷினை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி மெட்ராஸுக்குத் தந்தி போய்விட்டது.

அடுத்து வந்த நாட்கள் அவளை அரைத்து எடுத்தன. மிஷினை நிறுத்தினால் இப்போதே கையூசிதான் என்று பயந்து அதை ஓட்டினாள். அது அறுத்த முனைகளை யார் கண்ணிலும் படாமல் கையால் கட்டினாள். அதாவது இரண்டு வேலை. கட்டைவிரல் பழையபடி வெடித்தது. விளக்கு மறுபடி இரண்டாயிற்று.

"மதினி, பேசாம பழையபடி இங்க வந்து உக்காருங்க. அது போனாப் போகுது" என்றாள் முத்துத்தாய்.

"அது போனா என் கண்ணும் போயிரும்டி."

முத்திருளன் தன் மில் விடுமுறை அன்று வந்தான். கீழ் மூடியைத் திறந்து கையை விட்டுத் துழாவினான். விரலைப் பார்த்தான், மோந்து பார்த்தான், ஒச்சாயியையும் பார்த்தான்.

"யக்கா, மிஷினு கோயிலுக்குப் போய்ட்டு வந்துச்சா?"

ஒச்சாயிக்கு அப்போதுதான் புரிந்தது, காதெல்லாம் சுட்டது. அவன் வேப்பங்குச்சியைச் சீவி, கட்டையாய் இறுகியிருந்ததைச் சுரண்டி எடுத்தான். யுத்த காலத்தில் விளக்குக்கே கிடைக்காத மண்ணெண்ணெயைக் கொஞ்சம் எங்கிருந்தோ வாங்கிவந்து பள்ளத்தைக் கழுவினான். மிதித்துப் பார்த்தார்கள். கத்தி நடுவில் விழுந்தது.

"பழுது மிஷின்ல இல்லேன்னு முதலாளிகிட்ட சொல்லிருவமா?" என்றான் அவன்.

"அப்ப பழுது யாருகிட்டன்னு கேப்பாரே."

அவன் யோசித்தான். சந்தனம் வைத்தவள் யார் என்று தெரிந்தால் ஒச்சாயி அந்த இருக்கையில் இருக்க முடியாது. தெரியாவிட்டால் மிஷினே அந்த இடத்தில் இருக்காது. எப்படிப் போனாலும் அவளுக்குக் கையூசிதான். "நானாச் சொல்ல மாட்டேன் யக்கா. அது ஒங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் போனான். தவசி மாஸ்டர் மட்டும், மிஷின் இப்போது சரியாகத்தான் ஓடுகிறது என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார்.

"விஜயதசமி அன்னைக்கு அறுத்த மிஷினு இனி தங்கத்துல தச்சாலும் எனக்கு வேணாம்" என்றார் மலைச்சாமி.

மெட்ராஸ் ஆள் வண்டியும் கயிறுமாக வந்து இறங்கினான். பெல்ட்டைக் கழற்றப் போகிற நேரம். அப்போதுதான் ஒச்சாயி எழுந்து நின்றாள். முதலாளி எதிரில் அவள் அதுவரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று பேசினாள். "நான்தாங்க முதலாளி சந்தனத்தை வச்சேன். கண்ணக் குடுத்த சாமானுக்கு வயிறு குளிரணும்னு வச்சேன். அது அறுக்கல, என் பக்தி அறுத்துருச்சு. தண்டனை எனக்குக் குடுங்க, மிஷின அனுப்பாதீங்க" என்று ஆரம்பித்தவள், வெடித்த விரலைக் காட்டினாள், கண்ணைக் காட்டினாள், புருஷன் இடுப்பைச் சொன்னாள். பேச்சைக் கேட்டு ஆயில் என்ஜினே மூச்சை அடக்கி நின்றுவிட்டது. தவசி மாஸ்டர் அளவு நாடாவால் கண்ணைத் துடைத்தார். மலைச்சாமி தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு, "வண்டியத் திருப்பிக்கிட்டுப் போப்பா" என்று மெட்ராஸ் ஆளிடம் சொன்னார்.

மிஷின் தங்கிற்று, அவளும் தங்கினாள். யுத்தம் முடிந்து காக்கி போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் வந்தன. குவியல் குறையவே இல்லை. கருத்தக்கண்ணன் போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் வந்து மிதித்தாள். கண் கடைசிவரை பிழைத்தது, கால்தான் போயிற்று. நடந்தால் வலது கால் மட்டும் எதையோ மிதிப்பது போல அழுந்தி அழுந்தி வரும்.

நான் இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டியபோது, எதிரே காலை நீட்டிப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த முத்துத்தாய் வெட்டுவதை நிறுத்தினாள்.

"பேசுனாளாம்ல, பேச்சு. எங்க மதினி அன்னைக்கு வாயே தொறக்கல. வாய் நெறைய வெத்தல. மலைச்சாமி அண்ணன் எங்க அழுதாரு? அவரு அம்மா செத்தன்னைக்கே அழுகாத ஆளு."

"அப்புறம் மிஷின் போகாமல் எப்படித்தான் தங்கியது?" என்று கேட்டேன்.

"அந்த மெட்ராஸ்காரன் கயித்தக் கட்டுறதுக்கு முந்தி மிஷினத் தொறந்து பாத்தான். கத்தியக் காணோம். தீட்டுறதுக்குக் கழட்டுற கத்திதான, எங்க போச்சுன்னு கொட்டகையவே பொரட்டிப் போட்டாக. தவுட்டக்கூட சலிச்சாக. எங்க மதினி மட்டும் வாய் வெத்தலையத் துப்பவே இல்ல. கத்தி இல்லாம கொண்டு போனா என் வேலை போயிரும்னுட்டான் அவன். சாயந்தரம் ரயிலுக்கு நேரமாச்சு. கத்தி கெடச்சதும் சொல்லி விடுங்க, வந்து எடுத்துக்கிறேன்னு போயிட்டான்."

"கிடைத்ததா?"

"மறுநாள் காலையிலேயே மிஷின்ல மாட்டியிருந்துச்சு. நல்லாத் தீட்டியிருந்துச்சு. குமிஞ்சு கெடந்த சட்டையில காஜா விழுகவும் மலைச்சாமி அண்ணன் சகுனத்த மறந்துட்டாரு. அவனுக்குச் சொல்லி விடணும்னு ஒருத்தருக்கும் தோணல" என்று சொல்லிவிட்டு முத்துத்தாய் மறுபடி பாக்கு வெட்டத் தொடங்கினாள்.