நாலாவது பீஸ்

மரகதத்துக்கு நாற்பத்து மூன்று வயது. சேரப்பணஞ்சேரியிலிருந்து வல்லம் வடகாலுக்குக் கம்பெனி பஸ்ஸில் பதினோரு வருடமாகப் போய்வருகிறாள். பதினோரு வருடமும் கான்ட்ராக்ட்தான், வாழ்க! வேலை ஒன்றே ஒன்று. வேன்களின் பிரேக் பெடலைத் தாங்கும் இரும்புத் துண்டில் இரண்டு துளைகள் இருக்கும். துளைக்குள் மரை ஒழுங்காக வெட்டியிருக்கிறதா என்று கேஜ் என்கிற அளவுத் திருகாணியைத் திருகிப் பார்க்க வேண்டும். கடைசிவரை இறங்கினால் பச்சை மார்க்கரால் ஒரு பொட்டு. இறங்காவிட்டால் சிவப்புப் பெட்டி. பச்சை அந்த லைனில் அவளுக்கு மட்டும்தான். பச்சைப் பொட்டு இருந்தால் மரகதம் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம்.

பார்க்காமலே வைத்தாள் என்பதுதான் இப்போது வந்த வம்பு.

போன புதன்கிழமை ஆயுத பூஜை. பதினோரு மணிக்குக் கற்பூரம், அதற்குள் அன்றைய எண்ணிக்கை முடிய வேண்டும். அதற்கு லைனில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறுக்கு வழி உண்டு. பீஸ்களை வரிசையாக அடுக்கி மொத்தமாகப் பொட்டு வைத்துவிட்டு, கேஜை அப்புறம் போடுவார்கள். அன்று அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. மெஷின் முன்னால் மாலை போட்டார்கள், வழக்கப்படி புது பீஸ் ஒன்றுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள், சூப்பர்வைசர் சிவசங்கர் பூசணிக்காய் உடைத்தார், பொரி கொடுத்தார்கள், பெட்டிகள் லாரி ஏறிவிட்டன. அவசரத்துக்கு அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். இவள் கை எல்லாப் பெட்டியிலும் நுழைந்தது, கேஜ்தான் நுழையவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி மீட்டிங்கில் சிவசங்கர் அவளை முன்னால் கூப்பிட்டு ஒரு பீஸைக் கையில் கொடுத்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

“இன்னாக்கா இது?”

“பீஸு சார்.”

“பொட்டு யாருது?”

“என்னுது.”

“கேஜ வுட்டுப் பாரு.”

பாதியோடு நின்றுவிட்டது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா ஆச்சின்னு சத்தமா சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

“எறங்கல சார்.”

அவமானத்தில் அவள் காது இரண்டும் எரிந்தன. கூட்டம் கலைந்ததும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அன்று மரை வெட்டும் கருவி உடைந்ததில் சரியாக நாலு பீஸ் பாதி மரையோடு போய்விட்டது; மெஷின் பதிவிலேயே இருக்கிறது. வாங்கிய கம்பெனிக்காரர்கள் ஒன்றை மட்டும் கண்டுபிடித்துத் திருப்பியிருக்கிறார்கள். பாதி மரையில் போல்ட்டைப் போட்டால் இறுகின மாதிரிதான் தெரியும். ரோட்டில் ஓட ஓடத்தான் கழலும்.

“மீதி மூணும் கைக்கு வரணும்க்கா. வரலன்னா உன் கார்டு கட். மேல சொல்லிட்டாங்க, நான் இன்னா பண்ண?”

அந்த வேலைக் கார்டு இருப்பதால்தான் அவள் புருஷன் அண்ணாதுரைக்கு ஈஎஸ்ஐ மருந்து கிடைக்கிறது. ஷெட் கூரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து மூன்று வருடமாக அவனுக்கு வலிப்பு. மாத்திரை நாலு நாள் தவறினால் ஆள் தரையில் கிடப்பான். ஒருமுறை கிடந்தான்.

லைனில் பக்கத்து மேஜைக்காரி சத்யப்பிரியாவையும் கூட அனுப்பினார்கள். பீஸ்களை வாங்கிய கம்பெனியின் குடோன் ஒரகடத்தில். தப்புப் பண்ணினவர்களே போய் உட்கார்ந்து பொறுக்க வேண்டும், அதுதான் இங்கே முறை. மொத்தம் ஆயிரத்து இருநூறு பீஸ். தகர ஷெட்டுக்குள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகினார்கள். பத்து மணிக்கு ஒன்று சிக்கியது. சோற்று வேளைக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்று. மரகதம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கட்டைவிரல் தோல் உரிந்து கேஜில் ரத்தம் ஒட்டியது.

அண்ணாதுரை போன் பண்ணினான். “சாப்ட்டியா?”

“ம்.”

“கொரல் ஒரு மாதிரி கீதே.”

“இங்க சத்தம். வையி.”

இரண்டு மணிக்குக் கடைசிப் பெட்டியும் காலி. திரும்பி வந்ததோடு சேர்த்து மூன்றுதான் தேறியது. நாலாவதைக் காணோம்.

குடோன் பொறுப்பாளர் ஸ்ரீதர் நோட்டைப் பார்த்தார். “அறுபது பீஸ் சனிக்கெழமையே மாட்டியாச்சும்மா. வண்டிலாம் கேட்ட தாண்டிப் போயிடுச்சி.”

மரகதம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்த வேனோ, ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குன்றத்தூர் பக்கம் போகிறதோ என்னவோ! யாரோ பிரேக்கை மிதிக்கிறான், அவள் வைத்த பச்சைப் பொட்டு காலடியில் கழன்று தொங்குகிறது. “நான் கொலகாரிடி,” என்றாள்.

“யக்கா, வாய மூடு. எழுந்திரு,” என்று சத்யப்பிரியா அவளைத் தூக்கி நிறுத்தினாள். அழுததென்னவோ சத்யப்பிரியாதான்.

கம்பெனிக்குத் திரும்பும்போதே மரகதம் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். சிவசங்கர் அவர் மேஜையில் இல்லை. நிற்க வேறு இடம் தெரியாமல் தன் லைன் மெஷினிடம் போய் நின்றாள். பூஜை மாலை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வெள்ளிக்கிழமைதான் எடுப்பார்கள். கீழே சந்தனம் காய்ந்து வெடித்த அந்தப் புது பீஸ். பெண்களில் மூத்தவள் என்று அவளையேதான் எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

அவள் கை தானாகக் கேஜைத் தேடியது.

பாதியில் நின்றது. எடுத்து மறுபடி விட்டாள். மறுபடியும் அதே பாதி.

“சார்!” என்று கத்தியதில் மூன்று லைன் திரும்பியது. சிவசங்கர் ஓடிவந்து தானும் ஒருமுறை திருகிப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “பொழச்சக்கா! வண்டி எதுலயும் இல்ல. நான் மேல பேசிக்கிறேன். கார்ட மாட்டிக்கினு நாளைக்கு ஆறரைக்கு வந்துடு.”

“சாமி காப்பாத்திடிச்சி யக்கா!” சத்யப்பிரியா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மரகதம் சிரிக்கவில்லை. உரிந்த கட்டைவிரலால் குங்குமத்தையும் சந்தனத்தையும் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். அடியில் பச்சைப் பொட்டு இருந்தது.

“சாமிக்கு வச்சதக்கூட நான் பாக்கலடி,” என்றாள்.